இல்லாத வீட்டின் அளவுகள்
யூத ஆலய நூல்களும் நமது ஊர் மலர்களும்

2018இல் ரங்கூனில் நான்கு நாட்கள் தங்க நேர்ந்தது. யாங்கோன் என்பதுதான் இன்றைய பெயர். ஆனால் நம் வீடுகளில் அது என்றும் ரங்கூன்தான். சூலே பகோடாவிலிருந்து மேற்கே நடந்து 26ஆம் தெருவுக்குள் திரும்பினால் பெயின்ற் கடைகள் வரிசையாக வருகின்றன. கடைக்காரர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அந்தக் கடைகளுக்கு நடுவே நீலமும் வெள்ளையுமாக ஒரு வாயில். உள்ளே போனால் முஸ்மேயா யெஷுவா என்ற யூதத் தொழுகைக்கூடம். 1893க்கும் 1896க்கும் இடையில் பாக்தாத்திலிருந்து வந்த யூதர்கள் கட்டியது. உலகப் போருக்கு முன் இந்த நகரின் யூதர்கள் சுமார் 2,500 பேர் என்று சொல்லப்படுகிறது. ஒரு காலத்தில் இந்தக் கூடத்தில் 126 தோராச் சுருள்கள் இருந்தனவாம். இப்போது இரண்டு. ஆட்களும் இருபது பேரளவில்தான். கூட்டு வழிபாட்டுக்கு வளர்ந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். பெரும்பாலான வாரங்களில் வழிப்போக்கர்கள் வந்தால்தான் அந்தப் பத்து நிரம்பும்.

சுருள்கள் வைக்கப்பட்டிருந்த திரையிட்ட பேழைப் பக்கம் கைகாட்டி, அதை என்னவென்று சொல்வீர்கள் என்று அங்கிருந்தவரைக் கேட்டேன். 'ஹேக்கால்' என்றார்.

அந்த ஒரு சொல்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஹேக்கால் என்பது எருசலேமில் கி.பி. 70இல் உரோமர் இடித்த ஆலயத்தின் உள்மண்டபத்துக்கான பெயர். பொன் விளக்குத் தண்டும் அப்பங்களுக்கான மேசையும் தூபபீடமும் இருந்த இடம் அது. அந்த மண்டபம் அழிந்து ஏறத்தாழப் பத்தொன்பது நூற்றாண்டுகளின் பின், ரங்கூனில் ஒரு மரப்பேழைக்கு அதே பெயர். இதே சொல்லை நான் முன்பும் ஒருமுறை பார்த்திருந்தேன். நான் அகதியாக வாழும் அம்ஸ்ரர்டாமில் 1650இல் அச்சான ஒரு சிறு நூலின் தலைப்பில். 'தவ்னித் ஹேக்கால்'. ஆலயத்தின் மாதிரி வடிவம் என்று பொருள்.

எனக்கு எபிரேயம் தெரியாது. மொழிபெயர்ப்புகள் வழியாகவும் படங்கள் வழியாகவும் மட்டுமே இந்த நூல்களை அறிந்தவன். ஆகவே இது நிபுணனின் ஆய்வல்ல, ஒரு வாசகனின் விமர்சனம்.

இன்று, காஸாவில் நடந்தவற்றுக்குப் பிறகு, யூத நூல்களைப் பற்றி நமது சஞ்சிகையில் எதற்கு எழுதுகிறாய் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் 'யூதரைப் போல' என்ற வாய்ப்பாடு நம்மிடையே நாற்பது வருடங்களாகப் புழங்கி வருகிறது. எழுபதுகளில் நம் இளைஞர்களில் ஒரு பகுதியினர் பாலஸ்தீனரிடம் ஆயுதப் பயிற்சிக்குப் போனார்கள். அதே வேளையில் நமது மேடைகளில் இஸ்ரேல் முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. இரண்டாயிரம் வருடம் காத்திருந்தார்கள், கடைசியில் நாட்டைப் பிடித்தார்கள், நாமும் காத்திருப்போம் என்பதே அந்த வாய்ப்பாட்டின் சாரம். அந்த இரண்டாயிரம் வருடத்தில் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று நாம் கேட்டதேயில்லை. அவர்கள் செய்தவற்றில் ஒன்றைப் பற்றியே இங்கு பேசுகிறேன்: இல்லாத ஒரு கட்டடத்தை அளந்துகொண்டிருந்தார்கள்.

இந்த அளவெடுப்புக்கு ஆதாரமான நூல் மித்தோத். 'அளவுகள்' என்பதே அதன் பெயரின் பொருள். கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னாவின் ஒரு பகுதி. ஆலயம் இடிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலான பின், வாசல்கள் எத்தனை, படிகள் எத்தனை, எந்த மூலையில் எந்த அறை, இரவில் காவலர் எங்கே நின்றார்கள் என்று வறண்ட மொழியில் பட்டியலிடும் நூல். அதில் ஒப்பாரி கிடையாது. மிஷ்னா முழுமையாக அச்சேறியது 1492இல், நேப்பிள்ஸ் நகரில். ஸ்பெயினிலிருந்து யூதர்கள் துரத்தப்பட்டதும் அதே 1492இல்தான். இந்தப் பொருத்தம் தற்செயலானது. ஆனால் அடுத்த இருநூறு வருடங்களில் ஆலயத்தைப் பற்றி வரிசையாக நூல்கள் அச்சானது தற்செயலானதென்று எனக்குப் படவில்லை.

நான்கு நூல்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, 1602இல் பிராக் நகரில் வெளியானது. எழுதியவர் யோம் தோவ் லிப்மன் ஹெல்லர். அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்று அளவில். எசேக்கியேல் தீர்க்கதரிசி பாபிலோனியச் சிறையிருப்பில் கண்ட, இனி வரப்போகும் ஆலயத்தின் அளவுகளை முழம் முழமாக விளக்கும் சிறுநூல். எசேக்கியேலும் ஓர் அகதிதான். அவரது தரிசனத்தின் பெரும்பகுதி ஒரு தூதன் கையில் அளவுகோலுடன் சுவர்களை அளந்து சொல்வதாகவே போகிறது. ஹெல்லர் அந்தக் கணக்கைச் சரிபார்க்கிறார். எங்கெங்கே இடிக்கிறதோ அங்கெல்லாம் நின்று வாதிடுகிறார்.

இரண்டாவது, 1612இல் மாந்துவாவில் வந்த 'ஷில்தே ஹகிப்போரிம்', அதாவது வீரர்களின் கேடயங்கள். ஆபிரகாம் போர்த்தலெயோனே என்ற வைத்தியர் எழுதியது. பக்கவாதத்தால் உடலின் ஒரு பாதி செயலிழந்த பின், வேதக் கல்வியைப் புறக்கணித்ததற்கான தண்டனை இதுவென்று எண்ணி, தன் மகன்களுக்காக எழுதத் தொடங்கினார். நூல் வெளியான வருடமே இறந்தும் போனார். தொண்ணூறு அதிகாரங்கள். ஆலயத்தின் கட்டடம், லேவியரின் இசை, தூபத்தின் பதினொரு வாசனைப் பொருட்கள், தலைமைக் குருவின் மார்புப்பதக்கத்துக் கற்கள் என்று விரிகிறது. வைத்தியர் ஆனபடியால் ஒவ்வொரு பிசினையும் பட்டையையும் தன் மருந்துப் பெட்டியில் தேடுகிறார். லேவியர் மீட்டிய வாத்தியங்களோ அவர் எழுத்தில் இத்தாலிய அரசவையின் யாழும் லூட்டுமாக மாறிவிடுகின்றன. எருசலேமை எழுதப் போய் மாந்துவாவை எழுதியிருக்கிறார். மாந்துவாவின் யூதர்களைக் கெட்டோவின் மதிலுக்குள் அடைத்ததும் அதே வருடங்களில்தான்.

மூன்றாவது, ஜேக்கப் யூதா லெயோன் எழுதியது. போர்த்துக்கேய யூத வழிவந்தவர். சாலமோன் ஆலயத்தின் மாதிரியை மரத்தில் செய்து காட்சிக்கு வைத்தவர். அதை விளக்கும் கையேட்டை 1642இல் மிடல்பேர்க் நகரில் ஸ்பானிய மொழியில் வெளியிட்டார். டச்சு, பிரெஞ்சு, இலத்தீன் என்று அது போய்க்கொண்டே இருந்தது. எபிரேயத்தில் அவரே 1650இல் எழுதியதுதான் நான் முன்பு சொன்ன 'தவ்னித் ஹேக்கால்'. பாலைவனத்தில் மோசே அமைத்த கூடாரத்தைப் பற்றி 1654இல் இன்னொரு நூல். காலப்போக்கில் ஊரார் அவர் பெயரோடு 'தெம்ப்லோ' என்று சேர்த்துவிட்டார்கள். ஆலயம் என்பது ஒரு மனிதனின் குடும்பப் பெயராகிவிட்டது. 1675இல் மாதிரியுடன் இலண்டனுக்குப் போனார். அதே வருடம் காலமானார். அம்ஸ்ரர்டாமின் பெரிய போர்த்துக்கேய யூதத் தொழுகைக்கூடம் திறக்கப்பட்டதும் 1675இல். அதன் வெளிச்சுவரின் வளைந்த முட்டுச்சுவர்கள் லெயோனின் மாதிரியைப் பார்த்து அமைத்தவை என்பார்கள். ட்ராமில் போகும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தைப் பார்க்கிறேன்.

நான்காவது, மோசே ஹெஃபெட்ஸ் 1696இல் வெனிஸில் வெளியிட்ட 'ஹனுக்காத் ஹபாயித்'. இரண்டாம் ஆலயத்தின் தரைப்படத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட நூல். விளக்கங்கள் எண்ணிடப்பட்டு, ஒவ்வோர் எண்ணும் படத்தில் ஓர் இடத்தைக் காட்டும்.

இந்த நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எழும் முதல் கேள்வி: ஏன் புத்தகம்? ஏன் கட்டிவிடவில்லை? பணமில்லை, நிலமில்லை, அரசில்லை என்பது பாதிப் பதில்தான். மறு பாதி சட்டத்தில் இருக்கிறது. ஆலய மண்டபத்தின் வடிவில் வீடு கட்டக்கூடாது, அதன் மேசையைப் போல மேசை செய்யக்கூடாது, ஏழு கிளை விளக்கைச் செய்யக்கூடாது என்று தல்மூத் விதிக்கிறது. ஐந்து கிளையோடு செய்யலாம், ஆறோடு செய்யலாம், எட்டோடு செய்யலாம். ஏழோடு மட்டும் ஆகாது. இழந்ததற்கு அசலான நகல் கூடாது என்பதே இந்தத் தடையின் பொருள் என்று நான் வாசிக்கிறேன். நகல் வந்துவிட்டால் இழப்பு முடிந்துபோன மாதிரி ஆகிவிடும். தாளில் மட்டும் ஏழு கிளைகளையும் வரையலாம். இன்னொரு பழங்கதை எசேக்கியேலைப் பற்றியது. நாங்கள் எதிரியின் நாட்டில் கிடக்கிறோம், இந்த அளவுகளைச் சொல்லி என்ன பயன் என்று அவர் கடவுளிடம் கேட்கிறாராம். அதைப் படிப்பதையே கட்டுவதாக எண்ணிக்கொள்வேன் என்பது பதிலாம். இந்த நூல்களின் இலக்கியக் கொள்கை முழுவதும் அந்தக் கதைக்குள் அடங்கிவிடுகிறது.

இவற்றில் என்னை ஆழமாகத் தொட்டது படமல்ல, படமில்லாத ஓர் இடம். பதினோராம் நூற்றாண்டின் உரைகாரர் ராஷி தல்மூதை விளக்கும்போது சில இடங்களில் 'இதோ இப்படி' என்று எழுதிச் சிறு கோட்டுப்படம் போட்டிருந்தார். பதினாறாம் நூற்றாண்டில் அச்சிட்டவர்கள் படங்களை விட்டுவிட்டார்கள். 'இதோ இப்படி' என்ற சொல் மட்டும் நின்றது. பக்கத்தில் வெற்றிடம். பின்வந்தவர்கள் அந்த வெற்றிடங்களைத் தமக்குத் தெரிந்த மட்டும் நிரப்பினார்கள். சுட்டுவிரல் இருக்கிறது, சுட்டப்பட்ட பொருள் இல்லை. 1981 யூன் முதலாம் திகதிக்குப் பிறகு யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றி, எரிந்த 97,000 நூல்களைப் பற்றி, நாம் எழுதியவற்றை யோசித்துப் பாருங்கள். 'இதோ இப்படி இருந்தது' என்று நாம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் இருந்தது என்று எழுத முனைந்தவர் எத்தனை பேர்?

இனி ஒரு சங்கடமான படத்தைப் பற்றி. 1545இலிருந்து சில வருடங்கள் வெனிஸில் எபிரேய நூல்களை அச்சிட்ட ஜுஸ்தினியானி ஒரு கிறிஸ்தவர். அந்த நகரில் யூதர்கள் சொந்தமாக அச்சகம் வைத்திருக்க முடியாது. அவரது அச்சகச் சின்னம் எருசலேம் ஆலயம். ஆனால் அந்தப் படத்தில் இருப்பது எண்கோணச் சுவரும் குவிமாடமும் கொண்ட ஒரு கட்டடம். அதாவது 691ஐ ஒட்டி முஸ்லிம் ஆட்சியாளர் அந்த இடத்தில் எழுப்பிய குப்பத் அஸ்ஸக்ரா. புனித யாத்திரிகர்களின் ஓவியங்களில் பார்த்த உருவத்தையே ஆலயம் என்று செதுக்கிவிட்டார்கள். யூத வாசகர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். பிற்காலத்தில் திருமண ஒப்பந்தங்களிலும் சுவர்ப்படங்களிலும் அந்தக் குவிமாடமே ஆலயமாகத் தொடர்ந்தது.

இதை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. தன் இழந்த வீட்டை நினைக்கும் ஒருவனின் மனக்கண்ணில் அடுத்தவனின் வீடு வந்து நிற்கிறது. அந்த இடத்தில் இப்போது யார் வாழ்கிறார்கள் என்பதை அந்தப் படம் அறியாமலே ஒப்புக்கொள்கிறது. நம்முடைய படத்தில் இது நேர்மாறாக நடந்தது. 1990 ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ் நகரத்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். அதன் பின் புகலிடத்தில் அச்சான யாழ்ப்பாண நினைவுகளில் சோனகத் தெரு எத்தனை பக்கம்? அவர்களின் படத்துக்குள் அந்நியன் தெரியாமல் வந்தான். நமது படத்திலிருந்து அயலவனைத் தெரிந்தே அழித்தோம்.

இங்கிருந்துதான் ஊர் மலர்களுக்கு வருகிறேன். ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் ஊர்ச் சங்கங்கள் வெளியிடும் அந்தத் தடித்த மலர்களை நான் ஏளனம் செய்பவனல்ல. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த ஒருவருக்கு, இருபது வருடத்துக்கு மேல் கால்வைக்க முடியாத தன் ஒழுங்கையை ஒருவர் தாளில் கீறித் தந்தால் அது சாதாரண விடயமல்ல. ஆனால் அந்தப் படங்களை வாசித்துப் பாருங்கள். கோவில் இருக்கும், பாடசாலை இருக்கும், வாசிகசாலை இருக்கும், பெரியவர்களின் வீடுகள் பெயரோடு இருக்கும். எந்தக் கிணற்றில் யார் அள்ளக்கூடாது என்பது இராது. எந்த வீதிவரை யார் வரலாம் என்பது இராது. எல்லோரும் எங்கும் போய்வந்த ஓர் ஊர் அது. அப்படி ஓர் ஊர் நம் எவருக்கும் இருந்ததில்லை.

மித்தோத் இந்த விடயத்தில் நம்மைவிட நேர்மையானது. ஆலய வெளியில் பத்துச் சாண் அல்ல, பத்துக் கைப்பிடி உயரத்தில் ஒரு வேலி இருந்தது என்று சொல்கிறது. வேற்றினத்தார் அந்த வேலிக்கு அப்பால் போக முடியாது. பிறகு பெண்களின் முற்றம், பிறகு ஆண்களின் முற்றம், பிறகு குருக்களின் முற்றம், கடைசியில் தலைமைக் குரு வருடத்தில் ஒரு நாள் மட்டும் நுழையும் அறை. யார் எந்தப் படியில் நிறுத்தப்பட்டார்கள் என்பது வெட்கமின்றி எழுதப்பட்டிருக்கிறது. கிரேக்க அரசர்கள் வேலியைப் பதின்மூன்று இடங்களில் உடைத்ததும், அவற்றை மறுபடி அடைத்ததும்கூட இருக்கிறது. இந்தப் படிநிலையை அந்த நூல்கள் விமர்சிக்கவில்லை. புனிதம் என்றே போற்றின. ஆனால் அளந்துவைத்ததால் இன்று நாம் விமர்சிக்க முடிகிறது. வேலியின் உயரம் எழுதப்பட்டிருந்தால்தான் வேலிக்கு வெளியே நின்றவன் சாட்சி பெறுவான். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்கள் உட்பிரவேசம் கேட்டுச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அந்தக் கோவிலின் கோபுரம் நமது மலர்களின் அட்டைகளில் இருக்கிறது. வாசலில் இருந்தவர்கள் உள்ளே எத்தனை பக்கம்?

கட்டக்கூடாது என்ற தடை நமக்கு இல்லை. ஆகவே கட்டினோம். ரங்கூனில் கொன்சைடான் தெருவின் காளி கோவிலை 1871இல் தமிழர்கள் கட்டினார்கள். ஜேர்மனியின் ஹம் நகரில் காமாட்சி அம்பாளுக்கு 2002இல் கோபுரம் எழுந்தது. கோபுரம் எழுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. அந்நிய மண்ணில் ஒரு கூலிக்குப் படுத்தெழும்ப இடமும் ஆறுதலும் கோவில்களே கொடுத்தன. ஆனால் கட்டடத்தை எழுப்பியவுடன் அளவெடுக்கும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிட்டோம். வேலியும் கப்பலேறி வந்ததா என்று பார்க்கவில்லை.

யூதரை நான் இலட்சியப்படுத்துகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். புத்தகம் புத்தகமாக இருக்கும்வரைதான் என் பாராட்டு. 1987இல் எருசலேமில் தொடங்கப்பட்ட ஆலய நிறுவனம் என்றொரு அமைப்பு விளக்குத் தண்டையும் வெள்ளி எக்காளங்களையும் குருக்களின் உடைகளையும் உண்மையாகவே செய்து தயாராக வைத்திருக்கிறது. ஏழு கிளைகளோடுதான். பாத்திரங்கள் தயார், இனி இடம்தான் வேண்டும். அந்த இடத்தில் குவிமாடம் நிற்கிறது. 1992 டிசம்பர் 6இல் அயோத்தியில் நடந்ததை அறிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. போர்த்தலெயோனே மகன்களுக்கு எழுதியது ஒரு பட்டறையின் கொள்முதல் பட்டியலாகும்போது, படிப்பதே கட்டுவது என்ற பழைய கொள்கை தலைகீழாகிறது. நம்மிடமும் இந்த ஆபத்து இருக்கிறது. நினைவை வரைபடமாக்குவது ஒன்று. வரைபடத்தை ஆட்களை வெளியேற்றும் கட்டளையாக்குவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் 1990இல் இரண்டு மணி நேரமாக இருந்தது.

அப்படியானால் 'யூதரைப் போல' என்று சொல்லவே கூடாதா? சொல்லலாம். ஆனால் எந்த யூதரைப் போல என்று சொல்ல வேண்டும். வெனிஸில் 1553இல் தல்மூத் எரிக்கப்பட்டதைக் கேட்டு வளர்ந்து, கையால் தொட முடியாத சுவரை முழம் முழமாகச் சரிபார்த்தவர்களைப் போல என்றால் எனக்குச் சம்மதம்.

மறுபடி ரங்கூன். 26ஆம் தெருவிலிருந்து வெளியே வந்தபோது ஒரு தேநீர்க் கடையில் வயதான முஸ்லிம் ஒருவர் என்னிடம் தமிழில் பேசினார். என் பேச்சைக் கேட்டு, "தம்பி யாழ்ப்பாணமோ?" என்றார். இந்தத் தெருக்களில் முன்பு எந்தக் கடை யாருடையது என்று விரலால் காட்டிக்கொண்டே போனார். செட்டியார் கிட்டங்கிகள், சூலியாக்களின் கடைகள், யூதரின் கடைகள். 1942இல் ஜப்பானியர் வந்தபோது யூதரும் தமிழரும் ஒரே பாதைகளால் ஓடினார்கள். பலர் கால்நடையாக, வழியில் விழுந்தவர்களை விட்டுவிட்டு. 1964இல் கடைகள் அரசுடைமையானபோது எஞ்சிய தமிழர்களில் பெரும்பகுதியினர் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். சென்னையில் பர்மா பஜார் என்ற பெயர் மட்டும் எஞ்சியது. பெரியவர் காட்டிய கடைகளில் எதையும் நான் குறித்துக்கொள்ளவில்லை. கையில் பேனா இருந்தது. எழுதவில்லை. அதை இன்றுவரை என் தவறாகவே எண்ணுகிறேன். 2021 இராணுவச் சதிக்குப் பிறகு அந்தப் பக்கம் போகவும் முடியவில்லை.

பாலைவனக் கூடாரத்தின் பேழையைப் பற்றி வேதாகமத்தில் ஒரு விதி உண்டு. இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம், ஒன்றரை முழ உயரம். நான்கு பொன் வளையங்கள். வளையங்களில் சுமக்கும் தண்டுகள். பேழை ஓரிடத்தில் வைக்கப்பட்ட பிறகும் அந்தத் தண்டுகளைக் கழற்றக்கூடாது. நிலையாக நிற்கும்போதும் தூக்கிப் போக ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். எனக்கு இன்னொன்று படுகிறது: சுமந்து வந்தோம் என்பதை வந்த இடத்தில் மறைக்காதே.

நமது அடுத்த ஊர் மலரை வெளியிடப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாழ்த்துச் செய்திகளைக் குறைத்து, ஒரு தாளை மடித்துச் செருகுங்கள். அதில் ஊரை அளவோடு கீறுங்கள். கிணறுகளை, அவற்றின் விலக்குகளோடு. வாசல்களை, அவற்றுக்கு வெளியே நின்றவர்களோடு. 1990இல் பூட்டப்பட்ட வீடுகளை, பூட்டியவர்களின் பெயர்களோடு. தெரியாத இடத்தை ஊகத்தால் நிரப்ப வேண்டாம். 'இதோ இப்படி' என்று எழுதி வெறுமையாக விடுங்கள். அதை நிரப்பக்கூடியவர் இப்போது புத்தளத்தில் இருக்கலாம், அவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.